உதவித்தொகை வாங்குபவர்களுக்குப் போதைப் பரிசோதனை: தமிழ்நாட்டுக்கு இது வேண்டுமா?

பெரம்பூர் வாசகன்

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. "குடிச்சு செத்தவனுக்கு எங்க வரிப்பணமா?" என்ற கோபம் அப்போது எல்லா டீக்கடையிலும் இருந்தது. அந்தக் கோபம் இப்போது வேறு உருவத்தில் வந்திருக்கிறது. உரிமைத் தொகை, முதியோர் பென்ஷன், ரேஷன் அரிசி வாங்குகிறவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை வைக்க வேண்டும், போதை தெரிந்தால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்று எங்கள் பகுதி வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. "அமெரிக்காவில் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று கடைசியில் ஒரு வரி வேறு. கீழே கைதட்டல்கள் குவிந்திருக்கின்றன.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் கைதட்டியவர்களில் பலர் நல்ல மனிதர்கள், தெருவில் நடப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் பேசுகிறார்கள். அதனால் இங்கே ஒழுங்காகப் பேசிப் பார்ப்போம். அமெரிக்காவில் உண்மையில் என்ன நடந்தது, நம் ஊரில் செய்தால் என்ன ஆகும், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மாம்பலம் ராகவன்

நான் ஆதரிக்கிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

விமானம் ஓட்டுகிறவருக்கு மூச்சுப் பரிசோதனை இருக்கிறது. பஞ்சாபில் 2018-ல் அமரீந்தர் சிங் அரசு, அரசு ஊழியர்களுக்கே போதைப் பரிசோதனை கட்டாயம் என்று உத்தரவு போட்டது. தனியார் கம்பெனியில் சேரும்போது ரத்தம், சிறுநீர் எல்லாம் கொடுக்கிறோம். உழைத்துச் சம்பளம் வாங்குகிறவன் சோதனைக்கு உட்படலாம், அரசு கொடுப்பதை வாங்குகிறவன் மட்டும் கூடாதா? எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவின் கணவர், வீட்டுக்கு வரும் எந்தப் பணத்தையும் விட்டுவைப்பதில்லை. பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கூடம் போகின்றன. இதைத் தடுக்க ஏதாவது ஒரு கடிவாளம் வேண்டும். பணம் கொடுக்கிறவருக்கு நிபந்தனை போடும் உரிமை உண்டு.

வேளச்சேரி ஆனந்த்

ராகவன் ஐயா, நான் சில வருடங்கள் ஃப்ளோரிடாவில் டாம்பா பக்கம் வேலை பார்த்தவன். அங்கே இது பெரிய விவகாரம், அதனால் ஓரளவு தெரியும்.

1996-ல் கிளிண்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தில், உதவி பெறுவோரைச் சோதிக்க மாநிலங்களுக்கு அனுமதி தரப்பட்டது. முதலில் மிச்சிகன் 1999-ல் எல்லாரையும் சோதிக்க ஆரம்பித்தது. கொஞ்ச வாரத்திலேயே நீதிமன்றம் நிறுத்திவிட்டது. அப்புறம் ஃப்ளோரிடா. ஆளுநர் ரிக் ஸ்காட் கொண்டுவந்த சட்டம் 2011 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரும் தன் கைக்காசைப் போட்டுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். தேறினால் அந்தக் காசு திரும்பக் கிடைக்கும். தேறாவிட்டால் ஒரு வருடம் உதவி கிடையாது.

நான்கு மாதம்தான் ஓடியது. 4,086 பேர் சோதனை செய்துகொண்டார்கள். பிடிபட்டவர்கள் 108 பேர், அதாவது 2.6 சதவீதம். தேறியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது 1,18,140 டாலர். பிடிபட்டவர்களுக்குக் கொடுக்காமல் மிச்சமான பணத்தைவிட இது சுமார் 45,780 டாலர் அதிகம். அதாவது மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவுதான் ஆயிற்று.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு அதிகபட்ச உதவியே மாதம் 303 டாலர். வாடகைக்கே போதாது. கையில் ஒன்றும் இல்லை என்று வருகிறவரிடம் முதலில் சோதனைக்குக் காசு கட்டு என்றார்கள்.

வழக்குப் போட்டவர் ஒரு முன்னாள் கடற்படை வீரர். கல்லூரியில் படித்துக்கொண்டு, மகனையும் வயதான தாயையும் பார்த்துக்கொண்டிருந்தவர். சந்தேகப்பட எந்தக் காரணமும் இல்லாமல் என்னை ஏன் சோதிக்கிறீர்கள் என்று கேட்டார். 2011 அக்டோபரில் இடைக்காலத் தடை. 2013 டிசம்பர் 31 அன்று சட்டமே செல்லாது என்று தீர்ப்பு. 2014 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆகவே "அமெரிக்காவில் இப்படித்தான்" என்று அனுப்புகிறவர்கள், அங்கே எல்லாரையும் சோதிக்கிற முறையை நீதிமன்றம் தூக்கி எறிந்ததையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

இன்றும் சில மாநிலங்களில் வேறு மாதிரி நடக்கிறது. முதலில் ஒரு கேள்வித்தாள், அதில் சந்தேகம் வந்தால் மட்டும் சோதனை. யூட்டா அந்த வகை. முதல் வருடத்தில் 30,000 டாலருக்கு மேல் செலவு செய்து 12 பேரைக் கண்டுபிடித்தார்கள்.

மாம்பலம் ராகவன்

ஆனந்த் தம்பி, விவரத்துக்கு நன்றி. ஆனால் 108 பேர் பிடிபட்டார்கள் என்பதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. சோதனை இருக்கிறது என்று தெரிந்தே விண்ணப்பிக்காமல் போனவர்கள் எத்தனை பேர்? பயந்து விலகுவதும் ஒரு பலன்தான்.

நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோதே ஒரு கோடிப் பேருக்கு மேல். ஒரு சோதனை 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 300 கோடி. ஃப்ளோரிடா போல 2.6 சதவீதம் பிடிபட்டால் 2,60,000 பேர். மாதம் 1,000 ரூபாய் வீதம் ஒரு வருடம் நிறுத்தினால் 312 கோடி. நஷ்டம் எங்கே வந்தது?

வேளச்சேரி ஆனந்த்

ஐயா, பயந்து விலகியவர்கள் என்ற வாதத்தை ஃப்ளோரிடா அரசும் வைத்தது. சோதனைக்குப் பதிவு செய்துவிட்டுக் கைவிட்டவர்கள் 40 பேர்தான். நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

உங்கள் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. உரிமைத் தொகை வாங்குகிறவர்கள் பெண்கள். 2019-ல் மத்திய அரசு எய்ம்ஸ் மூலம் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, ஆண்களில் மது குடிப்பவர்கள் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். மற்ற போதைப்பொருளைப் பயன்படுத்துகிற பெண்களோ இன்னும் குறைவு. குடிக்கிறவர் ஒருவர், நாம் சோதிக்கப் போவது இன்னொருவரை. அந்த 2.6 சதவீதம் இங்கே எங்கிருந்து வரும்?

லேப் தாமரை

நான் சென்னையில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கம்பெனிகளில் சேருகிறவர்களுக்கு இந்தச் சோதனை நாங்கள் செய்கிறோம். "ஒரு டப்பாவில் பிடித்துக் கொடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

வழக்கமான ஐந்து வகைக் கிட் கஞ்சா, கொக்கைன், அபின் வகை, ஆம்ஃபிடமின், பிசிபி இவற்றைத்தான் பார்க்கும். மது அதில் கிடையாது. மதுவுக்குத் தனிச் சோதனை வேண்டும். நேற்று ராத்திரி குடித்தவர் இன்று மதியம் வந்தால் சாதாரணச் சோதனையில் பெரும்பாலும் சுத்தமாகத்தான் காட்டும். ஈடிஜி என்று ஒன்று உண்டு, இரண்டு மூன்று நாள் வரை காட்டிக்கொடுக்கும். அதற்குச் செலவு கூடுதல், சானிடைசரை நிறையப் பயன்படுத்துகிறவருக்கும் குழப்பம் வரலாம்.

அதே நேரம், தினமும் கஞ்சா அடித்துப் பழகியவருக்கு நிறுத்தி சில வாரம் ஆன பிறகும் பாசிட்டிவ் வரும். ஆக, தினமும் குவாட்டர் அடிக்கிறவர் தேறிவிடுவார், போன மாதமே கஞ்சாவை விட்டவர் மாட்டிக்கொள்வார். அப்புறம் சென்னையில் போலீஸ் அடிக்கடி பிடிக்கிற டேபென்டடால் வலி மாத்திரை. இளம் பையன்கள் இதைத்தான் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள். சாதாரண அபின் வகைக் கிட்டில் அது சிக்கவே சிக்காது. எது நம் தெருவைக் கெடுக்கிறதோ அதை விட்டுவிட்டு வேறு எதையோ தேடுகிற கிட் இது.

தப்பான பாசிட்டிவும் உண்டு. கசகசாவில் இயல்பாகவே கொஞ்சம் மார்ஃபின் இருக்கிறது. அதிகமாகச் சாப்பிட்டால் அபின் வகையில் பாசிட்டிவ் காட்டலாம். இதனால்தான் அமெரிக்காவில் வேலைக்கான சோதனைகளில் அந்த அளவுகோலை 1998-ல் 300-லிருந்து 2,000 நானோகிராமுக்கு உயர்த்தினார்கள். கோடீன் உள்ள இருமல் மருந்துக்கும் பாசிட்டிவ் வரும். வயிற்று எரிச்சலுக்கு ரொம்ப காலம் கொடுத்த ரானிடிடின்கூடச் சில கிட்டில் ஆம்ஃபிடமின் என்று காட்டியிருக்கிறது. கிட்டில் கோடு தெரிந்தால் அதை உறுதிப்படுத்த ஜிசிஎம்எஸ் கருவியில் இரண்டாவது சோதனை செய்தே ஆக வேண்டும். அந்தக் கருவி எல்லா லேபிலும் இருக்காது. ராகவன் ஐயா போட்ட 300 ரூபாயில் இதெல்லாம் அடங்காது.

கடைசியாக ஒரு விஷயம், எனக்கு இதுதான் மனசை அறுக்கிறது. சிறுநீரை மாற்றிக் கொடுக்காமல் இருக்க, கொடுக்கும்போது ஒருவர் நின்று பார்க்க வேண்டும். ரேஷன் கடை வரிசையில் நிற்கிற எழுபது வயசுப் பாட்டியை அப்படி நிற்க வைக்கப் போகிறோமா?

வியாசர்பாடி மல்லிகா

நான் மகளிர் குழுவில் பல வருடமாக இருக்கிறேன். கணக்கு, கிட் எல்லாம் படித்தேன். வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதை யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் நிறைய பெண்களுக்கு, அந்த 1,000 ரூபாய்தான் தன் பெயரில் தன் கணக்கில் வருகிற முதல் பணம். அதில் கேஸ் சிலிண்டர் பாதி கட்டுவார்கள், பிள்ளைக்கு நோட்டு வாங்குவார்கள், குழுச் சந்தா கட்டுவார்கள். குடிக்கிற கணவன் அதைப் பிடுங்கவும் செய்வான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிடுங்கக் கேட்கிற இடத்தில் அவன் நிற்கிறான், கொடுக்கவா வேண்டாமா என்கிற இடத்தில் அவள் நிற்கிறாள். அந்த ஒரு அடி வித்தியாசம் கிடைப்பதற்கே எத்தனை வருடம் ஆயிற்று.

இப்போது பரிசோதனை வந்தால்? பெண்ணை மட்டும் சோதித்தால் ஒருவரும் பிடிபட மாட்டார்கள், அவமானம்தான் மிச்சம். சரி, குடும்பத்தையே சோதிப்போம், கணவன் பிடிபட்டால் நிறுத்துவோம் என்று யாராவது சொல்வார்கள். அப்படிச் செய்தால் அவன் கையில் ஒரு கத்தியைக் கொடுத்த மாதிரி. "இன்னைக்கு 200 கொடுக்கலேன்னா நாளைக்கு சோதனைல நான் மாட்டிக்குவேன், உன் பணம் மொத்தமா நின்னுடும், பாத்துக்க" என்று மிரட்டுவான். அடிக்கு மேல் இதுவும் சேரும். போலீஸில் புகார் கொடுக்கக்கூடப் பெண்கள் பயப்படுவார்கள், அவன் குடிகாரன் என்று எழுத்தில் பதிந்தால் தன் பணம் போய்விடுமே என்று.

ராகவன் ஐயா, உங்கள் வீட்டில் வேலை செய்கிற அந்த அம்மாவின் பெயரில் பணம் வருகிறதா, அவர் கணவர் பெயரிலா? அவர் பெயரில் என்றால், நீங்கள் கேட்கிற சோதனை அவரைத்தான் அடிக்கும்.

எண்ணூர் செல்வி

மல்லிகா அக்கா சொல்வது எல்லாம் சரி. ஆனால் எல்லா வீட்டிலும் பணம் வாங்குகிறவர் பெண் இல்லை.

என் மாமனாருக்கு ஓஏபி பணம், அதான் முதியோர் பென்ஷன், வருகிறது, மாதம் 1,200. வந்த அன்றே டாஸ்மாக் போய்விடுவார். நான்கு நாளில் முடிந்துவிடும். மிச்ச நாளெல்லாம் எங்கள் கையை எதிர்பார்ப்பார். சாப்பாடு போடுவது நான், சுகர் மாத்திரை வாங்குவது நான். ஒரு நாள் இல்லை என்று சொன்னால் தெரு முழுக்க என்னைத் திட்டுவார். இவருக்குச் சோதனை வைத்துப் பணத்தை நிறுத்தினால் எனக்கு நிம்மதி. இதில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை.

தரமணி இனியன்

செல்வி அக்கா, நிறுத்தினால் அவர் குடியை விடுவாரா, உங்களிடம் இன்னும் அதிகமாகக் கேட்பாரா? என் சித்தப்பா வீட்டில் இரண்டாவதுதான் நடந்தது. வேலை போன பிறகு குடி குறையவில்லை, வீட்டுச் சாமான்தான் குறைந்தது.

பொதுவாக ஒன்று. அரசுப் பணம் வாங்குகிறவரைச் சோதிக்க வேண்டும் என்றால் யாரிலிருந்து ஆரம்பிப்பது? அமெரிக்காவில் குவென் மூர் என்கிற நாடாளுமன்ற உறுப்பினர் 2016-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார். 1,50,000 டாலருக்கு மேல் வரிக்கழிவு கேட்கிற பணக்காரர்களும் போதைச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று. வரிச்சலுகையும் அரசு விட்டுக்கொடுக்கிற பணம்தானே என்பது அவர் வாதம். அது சட்டமாகவில்லை. நம் ஊரில் வீட்டுக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை வாங்கினவர்கள் யாரும் டப்பாவில் பிடித்துக் கொடுத்ததில்லை.

கோர்ட் வாசல்

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உச்ச நீதிமன்றம் 1961-லேயே காத்தி காலு ஓகத் வழக்கில், கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவற்றைக் கொடுப்பது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்று சொல்லிவிட்டது. அதனால் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவை வைத்து இதை எதிர்ப்பது கடினம். பலமான வாதம் 2017 புட்டசாமி தீர்ப்பில் இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை. அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு ஏற்ற அளவில்தான் தலையீடும் இருக்க வேண்டும். ஒரு கோடிப் பெண்களைச் சந்தேகமே இல்லாமல் சோதிப்பது இந்த மூன்றாவதில் நிற்காது என்பது என் கருத்து. ராகவன் சார் சொன்ன விமானி உதாரணம் வேறு வகை. அங்கே ஒருவருடைய போதை நூறு பேர் உயிரை நேராகப் பாதிக்கும்.

இதைவிட எனக்குப் பயம் தருவது 1985 போதைப்பொருள் சட்டத்தின் 27-வது பிரிவு. கஞ்சாவைப் பயன்படுத்தினாலே ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஹெராயின், கொக்கைன் என்றால் ஒரு வருடம், 20,000 ரூபாய். ஆக, நலத்திட்ட அலுவலகத்தில் வருகிற பாசிட்டிவ் ரிப்போர்ட் வெறும் ரிப்போர்ட் இல்லை, வழக்குக்கு ஆரம்பம். அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் முழுச் சிகிச்சை எடுத்தால், அவர் மீதான வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. சட்டம் அவரைச் சிகிச்சைக்கு வா என்று கூப்பிடுகிறது. பரிசோதனை அவரை ஓடி ஒளிய வைக்கும்.

மாம்பலம் ராகவன்

எல்லாருடைய பதிவையும் படித்தேன். மல்லிகா அம்மா கேட்ட கேள்விக்குப் பதில்: பணம் அந்த அம்மாவின் பெயரில்தான் வருகிறது. அவரைச் சோதிப்பதில் பொருளில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் செல்வி அம்மாவின் மாமனார் விஷயத்தில் நான் சொன்னதிலேயே நிற்கிறேன். பொதுப்பணம் மாதாமாதம் பாட்டிலுக்குப் போவதை அரசு பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது சரியில்லை.

பெரம்பூர் வாசகன்

ராகவன் ஐயா, அந்தப் பாட்டிலை விற்பதும் அரசுதான். 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். 2023-24-ல் அதிலிருந்து வந்த வருவாய் 45,000 கோடிக்கு மேல். ஒரு கவுண்ட்டரில் விற்றுவிட்டு, அடுத்த கவுண்ட்டரில் ஏன் குடித்தாய் என்று அதே அரசு கேட்க முடியாது. கேட்பதாக இருந்தால் முதல் கவுண்ட்டரிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

செல்வி, உங்கள் கஷ்டம் உண்மை. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உங்கள் மாமனார் குடிக்கிறார் என்று தெரிந்துகொள்ள உங்களுக்குச் சோதனை தேவையில்லையே. தெரு முழுக்கத் தெரியும். சோதனை உங்களுக்குப் புதிதாக எதையும் சொல்லாது. தாமரை சொன்ன மாதிரி, சாதாரணச் சோதனை என்றால் முந்தின ராத்திரி குடித்துவிட்டு வந்தும் தேறிவிடவும் செய்வார். உங்களுக்கு வேண்டியது அவர் குடி குறைவது, சுகர் மாத்திரைக்காவது அந்தப் பணம் போவது. அதற்கு டாக்டர்தான் வேண்டும். எய்ம்ஸ் ஆய்விலேயே இருக்கிறது, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. 300 கோடி கிட்டுக்கு இருக்கிறது என்றால் அந்த மிச்ச 37 பேருக்கு அதைக் கொடுங்கள் என்றுதான் நான் கேட்பேன்.

எண்ணூர் செல்வி

சிகிச்சை என்றால் எங்கே போவது அண்ணா? ஒரு தனியார் இடத்தில் விசாரித்தோம், மாதம் கேட்ட தொகை எங்கள் வீட்டு வாடகையை விட அதிகம். கதவைப் பூட்டி வைப்பார்கள், அடிப்பார்கள் என்று வேறு சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

வியாசர்பாடி மல்லிகா

செல்வி, தனியாருக்குப் போகாதே. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் போதை மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது, அரசாங்கம்தான், காசு கேட்க மாட்டார்கள். எங்கள் குழுவில் இரண்டு பேர் வீட்டுக்காரரைக் கூட்டிப் போனோம். ஒருவர் பாதியில் திரும்பி வந்துவிட்டார். இன்னொருவர் இப்போது வேலைக்குப் போகிறார். போவதற்கு முன்னால் 14446-க்குப் பேசு, போதைப் பிரச்சினைக்கான தேசிய இலவச எண். அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை என்று சொல்வார்கள், 1980-ல் சாந்தி ரங்கநாதன் ஆரம்பித்தது, குடி நிறுத்தும் சிகிச்சைக்கென்றே உள்ள இடம். அங்கேயும் விசாரித்துப் பார்.

லேப் தாமரை

செல்வி அக்கா, முக்கியமான ஒன்று. அவருக்கு வயசாகிவிட்டது, சுகரும் இருக்கிறது. வீட்டில் நீங்களாகக் குடியைத் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். ரொம்ப வருடமாகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாறுவது எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மாத்திரை கொடுத்துத்தான் நிறுத்த வைப்பார்கள். போகும்போது ஆதார், சுகர் மாத்திரைச் சீட்டு, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் போங்கள். தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வார்கள்.

எண்ணூர் செல்வி

சரிம்மா. திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் லீவு போடுகிறார், இரண்டு பேருமாகக் கூட்டிப் போகிறோம். அவர் வர ஒத்துக்கொள்ள வேண்டும், அதுதான் பாக்கி. மல்லிகா அக்கா, நீங்கள் கூட்டிப் போனபோது என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தீர்கள்?

வியாசர்பாடி மல்லிகா

சுகர் செக்கப் என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகாதே, அங்கே போனதும் கோபம் வந்து திரும்பிவிடுவார், அடுத்த தடவை எதற்குக் கூப்பிட்டாலும் வர மாட்டார். காலையில் குடிப்பதற்கு முன்னால் பேசு. பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். பணத்தை நிறுத்திவிடுவார்கள் என்று மிரட்டாதே. உன் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை நானே பேசுகிறேன்.